பெட்டிக்கு இரண்டு பிடி

போன மாதம் தூத்துக்குடி ரயில் நிலையத்தில் ஒரு கறுப்புத் தகரப் பெட்டியின் பிடியைப் பிடித்தேன். கண் கண்டுகொள்வதற்கு முன்பே உள்ளங்கை அதைக் கண்டுகொண்டது. இரும்புக் கம்பியை வளைத்துச் செய்த பிடி. கை அறுக்காமல் இருக்க அதைச் சுற்றிச் சணல் கயிறும், கயிற்றின்மேல் கிழித்த சைக்கிள் டியூபும் இறுக்கியிருந்தது. டியூப் வெடித்துப் போய்விட்டது, கயிறும் நைந்துவிட்டது. மூடியில் எழுதியிருந்த பெயரும் நம்பரும் மட்டும் புதிது. பெட்டிக்கு உரியவள் என் அண்ணன் மனைவியான மதினியின் பேத்தி. ராணுவப் போலீசில் சேர்ந்து பயிற்சி முடித்து முதல் விடுப்பில் வந்திருக்கிறாள். சக்கரம் வைத்த பைகள் எத்தனையோ இருக்க, தாத்தாவின் பெட்டியைத்தான் கொண்டுபோவேன் என்று அடம்பிடித்தவள். "சின்னத் தாத்தா, அந்தப் பக்கம் பிடிங்க" என்றாள். எழுபத்தைந்தைத் தாண்டியவனிடம் கேட்கிற உதவியா இது? ஆனாலும் பிடித்தேன். அந்தப் பெட்டி விஷயத்தில் நான் ஒருமுறை செய்த காரியம் அப்படிப்பட்டது.

எங்கள் ஊர் மணப்பாட்டுக்கும் பெரியதாழைக்கும் நடுவே, கடலை விட்டுச் சற்று உள்ளே, செம்மணல் மேடுகள் பரந்த தேரியின் ஓரத்தில் இருக்கிறது. பனை ஏறுகிற ஊர். பதநீர் இறக்குகிற மாதங்கள் போக மிச்ச நாளில் ஆண்களுக்கு வேலை கிடையாது. சிலர் தூத்துக்குடித் துறைமுகத்துக்குத் தோணியில் மூட்டை ஏற்றப் போவார்கள். மற்றவர்கள் பட்டாளத்துக்குப் போவார்கள். வெள்ளைக்காரன் காலத்து பர்மாச் சண்டைக்குப் போனவர்கள்தான் முதல் ஆட்கள். பிறகு சீனச் சண்டை, பாகிஸ்தான் சண்டை, பங்களாதேஷ் சண்டை, இலங்கைக்குப் போன அமைதிப்படை, கார்கில் என்று நாட்டில் எது நடந்தாலும் அதில் எங்கள் ஊர்க்காரன் ஒருவனாவது இருந்தான். குடியரசு தினத்தன்று பள்ளிக்கூடத்தில் கொடியேற்ற வருகிறவர்கள் இதைத் தேசபக்தி என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எங்கள் ஊர்ப் பெண்களைக் கேட்டால், "பனையில இருந்து விழுந்து சாவுததுக்கு, அங்கன போனா மூணு நேரமும் சோறாவது கெடைக்கும்லா" என்பார்கள். இரண்டும் பொய்யில்லை.

பட்டாளத்துக்குப் போகிற ஒவ்வொருவனுக்கும் ஒரு கறுப்புப் பெட்டி உண்டு. அதைப் பற்றி ஊரில் ஒரு வழக்கமும் உண்டு. விடுப்பில் வருகிறவன் ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கு ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, தன் பெட்டியைத் தானே தலையில் வைத்துக்கொண்டு வீடு வரைக்கும் நடந்து வர வேண்டும். அப்பனோ தம்பியோ கை கொடுக்கக் கூடாது. அடுத்தவன் தூக்கி வருகிற பெட்டி ஆள் இல்லாத பெட்டி என்பது எங்கள் ஊர்ப் பயம். பர்மாவிலிருந்து முதல் முதலாக வந்த ஒரு பெட்டியை நான்கு பேர் தூக்கி வந்தார்களாம். அன்றிலிருந்து அப்படி. சின்ன வயதில் நாங்கள் பெட்டி சுமந்து வருகிறவருக்குப் பின்னால் ஊர்வலமாகப் போவோம். ஆனால் ஒரு பயலும் பெட்டியைத் தொட மாட்டான்.

அண்ணன் என்று நான் சொல்வது என் பெரியப்பா மகனை. பட்டாளத்துக்குப் போவதற்கு முன் அவர் துறைமுகத்தில் தோணிகளுக்குப் பேர் எழுதிக்கொண்டிருந்தார். அச்சில் வார்த்த மாதிரி இருக்கும் அவர் எழுத்து. பேரை எழுதி முடித்ததும் அடியில் மூன்று வளைவு வைத்து ஓர் அலை போடுவார். அது இல்லாமல் அவர் தூரிகையைக் கீழே வைத்ததில்லை. பட்டாளத்தில் சேர்ந்த பிறகு ஊரில் எல்லாருடைய பெட்டிக்கும் விடுப்பில் வரும்போது அவர்தான் பேர் எழுதினார். தோணிக்குப் போட்ட அலை பெட்டிக்கும் வந்தது. "கரையில கெடக்கிற பெட்டிக்கு எதுக்குலே அலை?" என்று பெரியவர்கள் கேலி செய்தால் சிரித்துக்கொண்டே அடுத்த பெட்டிக்கும் போடுவார்.

மதினி அண்ணனுக்கு வாக்கப்பட்டு வந்தார். மதினிக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. பக்கத்து ஊர்தான். அவருடைய அப்பாவும் பட்டாளத்துக்காரர், சீனச் சண்டையில் போய்விட்டார். இன்னொரு பட்டாளத்துக்காரனுக்கே பெண்ணைக் கொடுக்கிறார்களே என்று ஊர் முணுமுணுத்தது. மதினி அதைக் காதில் வாங்கவில்லை. வாய் துடுக்கு. என்னை வந்த நாளிலிருந்து "கொழுந்தனாரே" என்று நீட்டி முழக்கித்தான் கூப்பிடுவார். அதில் மரியாதை பாதி, நக்கல் பாதி.

நான் அப்போது ரயில்வேயில் பார்சல் குமாஸ்தா. எங்கள் ஊருக்கு வரவேண்டிய பார்சல்கள் இறங்குகிற சின்ன நிலையம் ஒன்றில் வேலை. பார்சல் அனுப்புகிறவர் ரசீதைத் தபாலில் பெறுகிறவருக்கு அனுப்புவார். பெறுகிறவர் அந்த ரசீதைக் கொண்டுவந்து காட்டினால்தான் நாங்கள் சாமானைக் கொடுப்போம். தினமும் நான் வருகிறவர்களிடம் கறாராகச் சொல்லுகிற விதி இது.

பங்களாதேஷ் சண்டை முடிந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. அண்ணனிடமிருந்து கடிதம் இல்லை. தினமும் மதினி தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசலில் நிற்பதாக அண்ணனைப் பெற்ற பெரியம்மை சொன்னாள். அப்படியிருக்கும்போது ஒரு காலை வண்டியில் அந்தப் பெட்டி வந்து இறங்கியது. மூடியில் அண்ணன் கைப்பட எழுதிய பெயர், நம்பர், அலை. கயிறு போட்டுக் கட்டி, கயிற்றில் ஓர் அட்டை தொங்கியது. அட்டையில் மதினி பெயரும் ஊர் விலாசமும். அந்த எழுத்து அண்ணனுடையது இல்லை. எழுதப் பழகுகிற பிள்ளை எழுதியது போல் கோணல்மாணலாக, ஒன்று மேலே ஒன்று கீழே கிடந்தது.

பெட்டி வந்திருக்கிறது, ஆள் வரவில்லை, விலாசம் எழுதியது வேறு யாரோ. எனக்கு வேறு என்ன தோன்றும்? பார்சல் அறைக்குள்ளேயே உட்கார்ந்து அழுதேன். மூளை இருந்ததா என்று கேட்டால் இருந்தது, அன்றைக்கு வேலை செய்யவில்லை. ஊருக்கெல்லாம் விதி பேசுகிறவன், ரசீது வரட்டும் என்று இரண்டு நாள் பொறுத்திருக்கலாம். பொறுக்கவில்லை. நானே பொறுப்பேற்பதாகக் கையெழுத்துப் போட்டு, பெட்டியை எடுத்து, ஒரு மாட்டு வண்டியில் ஏற்றினேன். வழி நெடுக அதன்மேல் கையை வைத்துக்கொண்டே போனேன்.

ஊருக்குள் வண்டி நுழைந்ததும் யாருக்கும் நான் வாய் திறந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. பெட்டியையும் என் முகத்தையும் பார்த்தே பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். பெரியம்மை வாசலிலேயே விழுந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வட்டம் கட்டி உட்கார்ந்து ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார்கள். வாசலில் நின்ற உடைமரத்தின் நிழலில் பெட்டியை இறக்கினேன். மதினி மாவு இடித்துக்கொண்டிருந்தவர், கையெல்லாம் மாவோடு வந்து நின்றார். அழவில்லை. பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். குனிந்து அட்டையைக் கையில் எடுத்தார்.

"கொழுந்தனாரே, இது கூட ஆளு யாரும் வந்தாவளா?"

"இல்ல மதினி."

"தந்தி?"

அப்போதுதான் எனக்குத் தந்தி என்ற ஒன்றின் ஞாபகமே வந்தது. இல்லை என்று தலையாட்டினேன்.

மதினி நிமிர்ந்து அந்தப் பெண்களைப் பார்த்துச் சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. "ஏளா, நிறுத்துங்க. எங்க அப்பா பெட்டி வந்தப்ப கூட ஒரு அவில்தார் வந்தாரு. பூட்டு மேல அரக்கு வச்சிருந்துச்சு. உள்ள என்னென்ன இருக்குன்னு தாள்ல எழுதி ஒட்டியிருந்துச்சு. அதுக்கும் நாலு நாள் முந்தியே தந்தி வந்துட்டு. இதுல என்ன இருக்கு? கயிறு இருக்கு. கயிறு கட்டி எழவுச் சேதி அனுப்புவானா பட்டாளத்துல?"

ஒப்பாரி நின்றது. ஒருத்தி மட்டும் தயங்கி, "எழுத்து அவன் எழுத்து இல்லையேம்மா" என்றாள். மதினி அட்டையை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "எழுத்த விடும். அடியில பாரும்."

பார்த்தேன். கோணல் எழுத்துக்கு அடியில் ஒரு கோடு இருந்தது. பார்சல் அறையில் அதை நான் மைக் கறை என்று விட்டிருந்தேன். நடுங்கி, இரண்டு இடத்தில் அறுந்து, ஆனாலும் மூன்று வளைவு. அலை.

"இத யாரு போடுவா, சொல்லும்? அவுக இருக்காவ. எழுதுத கைக்குத்தான் என்னமோ ஆயிட்டு" என்றார் மதினி. மாவுக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் உலக்கைச் சத்தம் மறுபடி கேட்டது.

பெட்டியை வீட்டுக்குள் கொண்டுபோகலாம் என்று பெரியம்மை சொன்னதற்கு மதினி ஒப்பவில்லை. "அது அங்கனயே கெடக்கட்டும். ஆளு வந்து எடுத்துட்டு வரட்டும்" என்றார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மதினி சொன்னதில் பாதி நம்பினேன், பாதி நம்பவில்லை. அலையை யாராவது பார்த்துப் போட்டிருக்க முடியாதா? மூடியில்தான் ஒன்று இருக்கிறதே, அதைப் பார்த்து ஒரு சிநேகிதன் போட்டிருந்தால்? இந்தக் கேள்வி எனக்கே வந்தது என்றால் மதினிக்கு வராமலா இருந்திருக்கும்? இரண்டாம் நாள் போனபோது கிணற்றடியில் தவலையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தவலை கல்லில் தடதடவென்று மோதிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் இன்னும் அழுத்தித் தேய்த்தார். நான் வந்த வழியே திரும்பிவிட்டேன்.

நான்காம் நாள் கடிதம் வந்தது. அதற்குள்ளே ரயில் ரசீது மடித்து வைத்திருந்தது. மதினி படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். அதே கோணல் எழுத்தில் நாலே வரி. வலது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. மற்றதெல்லாம் இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து விட இன்னும் சில நாள் ஆகும். பெட்டியைத் தூக்க முடியாது என்பதால் முன்னால் அனுப்பியிருக்கிறேன், தம்பியிடம் ரசீதைக் கொடுத்து எடுத்துக்கொள்ளவும். ஊர் வழக்கம் அவருக்கு ஞாபகமே வரவில்லை என்று பிற்பாடு சொன்னார். இடக்கையால் எழுதப் பழகுவதிலேயே புத்தி போய்விட்டதாம். மதினி ரசீதை எடுத்து என் சட்டைப் பையில் வைத்து, "இந்தாரும் உம்ம ரசீது. இனிமே பெட்டிய வாங்கிக்கிடலாம்லா?" என்று கேட்டார். சிரித்தார். சிரித்துக்கொண்டே அழத் தொடங்கி, வெகு நேரம் அழுதார். அந்த நான்கு நாளும் சேர்த்து வைத்த அழுகை.

அண்ணன் வந்தது ஒரு மத்தியானம். விலக்கு ரோட்டிலிருந்து செம்மணலில் நடந்து வந்தார். சட்டையின் வலது கையை மடித்து ஊக்கு குத்தியிருந்தது. ஊரே இரண்டு பக்கமும் நின்றது. நேரே வீட்டுக்குள் போயிருக்கலாம். உடைமரத்தடியில் பெட்டியைக் கண்டதும் நின்றுவிட்டார். ஊரில் எல்லாரும் பெட்டியோடுதான் படியேறுவார்கள், அவர் மட்டும் எப்படி வெறுங்கையோடு ஏறுவார்? குனிந்து இடக்கையால் ஒரு பிடியைப் பிடித்துத் தூக்கினார். ஒரு பக்கம் எழும்பியது, மறுபக்கம் மணலில் கோடு கிழித்தது. தோளில் சாய்க்கப் பார்த்தார், சரிந்து விழுந்தது. மறுபடி தூக்கினார். நெற்றியிலிருந்து வியர்வை கொட்டியது. நான் ஓடிப்போய்க் கை வைக்கப் போனேன். பர்மாவுக்குப் போய் வந்த பெரியவர் ஒருவர் என் தோளைப் பிடித்து இழுத்தார். "தொடாதலே. ஆகாது." அண்ணன் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. சண்டையில் கையை விட்டுவிட்டு வந்த மனிதர், ஊர் முன்னால் ஒரு பெட்டியைத் தூக்க முடியாமல் கூனிக் குறுகி நின்றது எனக்குத் தாங்கவில்லை.

மதினி வந்தார். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு பெட்டியின் மறுபக்கம் போய் நின்றார். "ஏளா, தொடக் கூடாதும்மா" என்று யாரோ சத்தம் கொடுத்தார்கள். மதினி ஊரைத் திரும்பிப் பார்த்தார்.

"ரெண்டு பிடி வச்சுல்லா செஞ்சிருக்கான் இத. ஒத்த ஆளு தூக்கவா வச்சான்?"

அந்தப் பெரியவரே என் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டார். மதினி ஒரு பிடி, அண்ணன் ஒரு பிடி. இருவருமாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். இரும்புக் கம்பி மதினியின் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. மறுநாளே அண்ணன் ஒற்றைக் கையும் பல்லுமாகப் பிடிகளுக்குக் கயிறு சுற்றி, பழைய டியூபைக் கிழித்து இறுக்கினார்.

அதற்குப் பிறகு எங்கள் ஊரில் எந்தப் பெட்டியையும் தனி ஒருவர் தூக்கியதில்லை. யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானிக்கவில்லை. அடுத்து விடுப்பில் வந்தவனுக்கு அவன் அம்மா விலக்கு ரோட்டில் காத்திருந்து மறுபிடியைப் பிடித்தாள், அவ்வளவுதான். அண்ணன் இடக்கையாலேயே பேர் எழுதத் தொடங்கினார். எழுத்து கடைசி வரை கோணல்தான். ஆனால் பையன்கள் அந்தக் கோணலைத்தான் கேட்டு வாங்கினார்கள். வடக்கே ஏதோ ஒரு ரயிலடியில், முகம் பார்த்து அடையாளம் தெரியாத எங்கள் ஊர்க்காரர்கள் இரண்டு பேர் பெட்டியில் இருந்த அலையைக் கண்டு "நீ எந்தத் தெருலே?" என்று கட்டிக்கொண்டார்களாம். ஒருவன் கார்கிலுக்குப் போய்க்கொண்டிருந்தான், ஒருவன் அங்கிருந்து வந்துகொண்டிருந்தான். எல்லாம் நல்லபடியாகவே நடந்தது என்று சொல்ல மாட்டேன். இலங்கைக்குப் போனவர்களில் ஒருவனுடைய பெட்டி அரக்கு முத்திரையோடு வந்தது. அதை ஊர் விலக்கிலிருந்து தூக்கி வந்தவர்கள் இரண்டே பேர். ஒரு பிடியை அவன் அம்மா பிடித்தாள், மறுபிடியை மதினி பிடித்தார். அந்த அம்மாவைத் தனியாகத் தூக்க விட்டிருந்தால் என்ன ஆகியிருப்பாள் என்று நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

என்னை மட்டும் மதினி விடவில்லை. நான் எப்போது அந்த வீட்டுக்குப் போனாலும், கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனாலும், தீபாவளிப் பலகாரம் கொண்டுபோனாலும், வாசலிலேயே நிறுத்தி என் இரண்டு கையையும் எட்டிப் பார்ப்பார். "வாரும் கொழுந்தனாரே. பெட்டி கிட்டி ஒண்ணும் கொண்டாரலியே?" என்பார். வீடே சிரிக்கும். அண்ணன் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் எனக்கு உள்ளே சுருக்கென்று குத்தும். உயிரோடிருந்த மனிதனுக்கு எழவுச் சேதி கொண்டுபோனவன் நான். மதினிக்கு அந்த நான்கு நாளைக் கொடுத்தவன். மன்னிப்புக் கேட்க ஒருமுறை வாயெடுத்தேன். "போம்யா, பெரிய காரியம் செஞ்சிட்டீரு" என்று காப்பித் தம்ளரைக் கையில் திணித்துவிட்டார். அண்ணன் வயதாகி, படுக்கையில், சொந்த வீட்டில் கண்ணை மூடினார். அந்தத் துக்கத்துக்குப் போனபோது மட்டும் மதினி கேலி செய்யவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

பேத்தி பட்டாளத்தில் சேரப் போகிறேன் என்று சொன்னபோது அவளுடைய அம்மா ஒரு வாரம் பேசவில்லை. அப்பனையும் புருஷனின் கையையும் பட்டாளத்துக்குக் கொடுத்த மதினிதான் பரணிலிருந்து பெட்டியை இறக்கச் சொன்னாராம். பழைய பேரைச் சுரண்டி, பெயின்ட் அடித்து, பேத்தியே பேர் எழுதினாள். "பேர எப்படி வேணும்னாலும் எழுது. அலைய மட்டும் விட்டுராத" என்றாராம் மதினி.

தூத்துக்குடியிலிருந்து காரில் வந்தோம். வாசல் வரைக்கும் கார் போகும். ஆனால் பேத்தி விலக்கு ரோட்டிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டாள். செம்மணல் பாதையில் இப்போது தார் போட்டிருக்கிறார்கள். நான் ஒரு பிடி, அவள் ஒரு பிடி. நாலு எட்டுக்கு ஒருமுறை எனக்காக நின்றாள். அங்கங்கே ஆட்கள் கைப்பேசியில் படம் எடுத்தார்கள். உடைமரம் பட்டுப்போய், அந்த இடத்தில் தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிறார்கள். எனக்கு மூச்சு இரைத்தது. அந்த இடத்தைத் தாண்டும்போது திரும்பித் திரும்பிப் பேத்தியைப் பார்த்துக்கொண்டேன்.

மதினி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். முதுகு வளைந்துவிட்டது, பார்வையும் மங்கல். வழக்கம்போல் என் கைகளை எட்டிப் பார்த்தார். பெட்டி இருந்தது. பெட்டியின் மறுபக்கம் யூனிபாரத்தில் பேத்தி இருந்தாள். இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வாரும் கொழுந்தனாரே. இந்தத் தடவ ஆளையும் சேத்துல்லா கொண்டாந்திருக்கீரு."

ஐம்பது வருஷத்துக்கு மேலாக நான் காத்திருந்தது இந்த ஒரு வார்த்தைக்குத்தான் என்று அந்த நிமிஷம்தான் எனக்கே தெரிந்தது. என் பக்கத்துப் பிடியை மதினியின் கையில் கொடுத்துவிட்டு விலகி நின்றேன். பேத்தி பயந்துபோய், மறுகையைப் பெட்டிக்கு அடியில் கொடுத்து முழுப் பாரத்தையும் தானே தாங்கப் பார்த்தாள்.

"ஏளா, கைய எடு. என் பக்கத்த நான் தூக்குவேன்" என்றார் மதினி.

பேத்தி கையை எடுத்தாள். இருவருமாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள்.